யாழ்ப்பாணத்து வெயிலிலும் மாரியிலும் வீட்டு நாயைப் பார்த்துக்கொள்வது: முழுமையான வழிகாட்டி

அவிழ்த்துவிட்ட நாய் தன் இடத்தைத் தானே தேடிக்கொள்ளும். பங்குனி மத்தியானத்தில் எந்த ஒழுங்கையில் நடந்தாலும் பார்க்கலாம். கிணற்றடி வாழைக்குக் கீழே ஈரமண்ணைக் கிளறி, பின்னங்கால்களை நீட்டி, வயிறு மண்ணில் படப் படுத்திருக்கும். நிழல் நகர்ந்தால் தானும் எழும்பி நகரும். கட்டிய நாயால் அது முடியாது. சங்கிலி எட்டும் தூரத்தில் நாங்கள் என்ன வைத்தோமோ அது மட்டும்தான் அதற்கு உண்டு.

ஆகவே இது கட்டி வளர்ப்பவர்களுக்கும் மதிலுக்குள் பூட்டி வளர்ப்பவர்களுக்கும் எழுதியது. புதிதாக நாய் வளர்க்கிறவர்கள் செய்யவேண்டியதை எல்லாம் செய்கிறார்கள். ஒழுங்குதான் மாறிப்போகிறது. நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கி இளைக்கத் தொடங்கிய பிறகு நிழல் தேடுகிறார்கள். மழை கொட்டத் தொடங்கிய பிறகு கூட்டுக்குத் தறப்பாள் வாங்கப் போகிறார்கள். வெயிலுக்கான வேலைகளை மாசி முடிய முன்னும், மாரிக்கான வேலைகளைப் புரட்டாதி முடிய முன்னும் முடித்துவிடுங்கள்.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

ஒரு டிஜிட்டல் தெர்மோமீற்றர் வாங்கி, நாய்க்கென்றே தனியாக வையுங்கள். அகன்ற வாய் உள்ள மண்சட்டி இரண்டு வேண்டும். கிணற்றில் எப்போதும் கயிறும் வாளியும் இருக்கட்டும். தூக்கிக்கொண்டு போகக்கூடிய மின்விசிறி ஒன்று, பழைய சாரங்கள், நாலைந்து சாக்குகள் எடுத்து வையுங்கள்.

அடுத்தது, மிருக வைத்தியரின் தொலைபேசி எண்ணும், நாயை ஏற்றச் சம்மதிக்கும் ஓட்டோக்காரர் ஒருவரின் எண்ணும். இரண்டாவதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவசரத்தில் மறிக்கும் ஓட்டோ நாயைக் கண்டதும் நிற்காமல் போய்விடலாம். ஒருவரிடம் முன்கூட்டியே கேட்டுப் பேசி வையுங்கள்.

நாய் சுகமாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை சூடு அளந்து பாருங்கள். தெர்மோமீற்றரின் நுனியில் தேங்காயெண்ணெய் பூசி, வாலைத் தூக்கி, ஆசனவாயில் மெதுவாக வைக்க வேண்டும். நாயின் இயல்பான சூடு சுமார் 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. மனிதருக்குக் காய்ச்சல் என்று சொல்லும் அளவு நாய்க்கு இயல்பானது. இது தெரியாமல் சுகமான நாயைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களும் இருக்கிறார்கள், 41ஐத் தொட்ட நாயைத் தூங்குகிறது என்று விட்டவர்களும் இருக்கிறார்கள்.

2. உங்கள் நாய் எந்த வகை என்று பாருங்கள்

நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கிலும் மூச்சுக்குழாயிலும் உள்ள ஈரம் காற்றில் காய்ந்து போகும்போதுதான் அதன் சூடு இறங்கும். இளைப்பது அதற்காகத்தான். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தாலோ, காற்று அசையாமல் நின்றாலோ அது சீக்கிரம் காயாது. நாய் எவ்வளவு இளைத்தாலும் பலன் குறைவு. ஆடியில் சோழகம் வீசும்போது தாங்குகிற அதே வெயிலை, இலை அசையாத பங்குனி, சித்திரையில் நாயால் தாங்க முடியாமல் போவது இதனால்தான்.

பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுவழி குறுகியது. சாதாரண நாய் சமாளிக்கும் வெயிலில் அவை விழுந்துவிடும். என் கருத்தைக் கேட்டால், பகலில் ஆளில்லாத வீட்டுக்கு அந்த வகை வேண்டாம்.

அல்சேஷன், லாப்ரடோர், பொமரேனியன் ஆகியவற்றுக்கு இரட்டை முடி. கொழுத்த நாய், கிழட்டு நாய், இருதய வருத்தம் உள்ள நாய், குட்டி இவையும் கவனம் கூடத் தேவைப்படுபவை. ஊர் நாய் எல்லாவற்றையும் விடத் தாங்கும். ஆனால் வெயிலில் கட்டிப்போட்டால் அதுவும் சாகும்.

3. இடம்: அரை நாளை இதற்கே ஒதுக்குங்கள்

சித்திரை மாதம் ஒரு நாள் எங்கள் ரைகரை இழக்கப் பார்த்தேன். காலை ஏழரைக்கு மாமர நிழலில் நின்ற அதை அங்கேயே, மதில் கம்பியில் கட்டிவிட்டு வேலைக்குப் போனேன். தண்ணீரும் வைத்திருந்தேன். ஒன்றரைக்குப் பக்கத்து வீட்டு அக்கா போன் எடுத்தார். “தம்பி, உங்கடை நாய் வெய்யிலுக்குள்ள கிடந்து இளைக்குது. கூப்பிட எழும்புதில்லை.”

காலையில் நீளமாக மதில் வரை விழுந்திருந்த நிழல் மத்தியானம் மரத்தடிக்குச் சுருங்கிவிட்டது. சங்கிலி மரத்தடி வரை எட்டவில்லை. தண்ணீர்ச் சட்டி காலில் தட்டுப்பட்டுக் கவிழ்ந்து, அந்த இடத்து மண்கூடக் காய்ந்திருந்தது. நாய் நிழலைப் பார்த்தபடி, சங்கிலி இறுக, ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது.

ஆகவே ஒரு லீவு நாளில் வளவுக்குள் மூன்று தடவை நடந்து பாருங்கள்: காலை ஒன்பதுக்கு, மத்தியானம் பன்னிரண்டுக்கு, பின்னேரம் மூன்றுக்கு. ஒவ்வொரு முறையும் நிழலின் விளிம்பில் ஒரு கல் வையுங்கள். மூன்று நேரமும் நிழல் உள்ள இடம் எதுவோ, அங்கேதான் நாய்.

திசையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் மத்தியானச் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதிலிருந்து ஆவணி முற்பகுதி வரை அது உச்சிக்குச் சற்று வடக்கே போகும். பிறகு தெற்கே இறங்கி, மார்கழியில் நன்றாகத் தெற்கே சாய்ந்திருக்கும். நாயை வதைப்பது பெரும்பாலும் பின்னேர வெயில். அப்போது வீட்டின் கிழக்குப் பக்கத்தில் நிழல் இருக்கும். தென்கிழக்கு மூலை கிடைத்தால் நிழலோடு சோழகமும் கொஞ்சம் வந்து சேரும். மேற்குச் சுவர் ஓரத்தில் கட்டாதீர்கள். பகலெல்லாம் குடித்த வெயிலை அந்தச் சுவர் இரவிலும் கக்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு நிழல்களுக்கு நடுவில், உதாரணமாக விறாந்தைத் தூணிலிருந்து மரம் வரை, ஒரு கம்பியை இழுத்துக் கட்டுங்கள். அதில் ஒரு வளையத்தைப் போட்டு, சங்கிலியை வளையத்தில் மாட்டுங்கள். நாய் அங்குமிங்கும் போய்வரும். சங்கிலி மரத்தைச் சுற்றிச் சிக்காதபடி கம்பி முடியும் இடத்துக்கு முன்பே ஒரு முடிச்சுப் போட்டு வளையத்தை மறியுங்கள்.

கூடு கட்டுவதானால் வாசலைத் தெற்கே வையுங்கள். சித்திரையிலிருந்து ஆவணி வரை மத்தியானச் சூரியன் உச்சிக்கு வடக்கே இருப்பதால் உள்ளே வெயில் விழாது, தென்மேற்கிலிருந்து வரும் சோழகம் நுழையும். மாரியில் வடகிழக்கிலிருந்து வரும் வாடைக்குக் கூட்டின் முதுகு காட்டிய மாதிரி இருக்கும், சாய்ந்த தை மாத வெயில் உள்ளே விழும். மனிதர் குடியிருக்கும் வீட்டுக்குத் தெற்கு வாசலை விரும்பாதவர்கள் உண்டு. நாய்க்கூட்டுக்கு இந்த ஊரில் அதைவிட நல்ல திசை எனக்குத் தெரியவில்லை.

தகரக் கூரை மட்டும் போட்டால் கூடு அடுப்பாகிவிடும். தகரத்துக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கிடுகு அல்லது பனையோலை போடுங்கள். இடைவெளியில் காற்று ஓடும், ஓலை வாங்கும் சூடு தகரத்துக்கு இறங்காது. வடக்குப் பக்கத்தை வெயில் காலத்தில் சட்டங்கள் மட்டும் அடித்துத் திறந்தே விடுங்கள். நிலம் மண்ணாக இருந்தால் நல்லது. வெயில் படும் சீமெந்து கூடாது.

பழைய வீடுகளின் வழுவழுப்பான சிவப்புச் சீமெந்து விறாந்தை இதற்கு விலக்கு. நிழலில் இருக்கும் அந்த நிலத்தைப் போல் குளிர்ச்சி வேறெங்கும் கிடைக்காது. நாயை உள்ளே விடுவதில்லை என்பது பல வீடுகளில் வழக்கம். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரையாவது விறாந்தையில் இடம் கொடுங்கள் என்று நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்பேன்.

4. தண்ணீர்

ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 முதல் 60 மில்லிலீற்றர் என்பது சாதாரணக் கணக்கு. 20 கிலோ நாய்க்கு ஒரு லீற்றருக்குச் சற்று மேல். வெயில் நாளில் அதன் இரண்டு மடங்கை எதிர்பார்த்து வையுங்கள்.

இரண்டு சட்டிகளை இரண்டு இடத்தில் வையுங்கள். ஒன்று கவிழ்ந்தால் மற்றது இருக்கும். மண்ணில் பாதி புதைத்து வைத்தால் கவிழாது, குளிர்ச்சியாகவும் இருக்கும். அலுமினியப் பாத்திரம் வெயிலில் சுடும், நாய் வாய் வைக்காது.

மேல் தாங்கித் தண்ணீரை மத்தியானத்தில் பிடிக்காதீர்கள். குழாயில் முதலில் வருவது கையையே சுடும். கிணற்றுத் தண்ணீரை அள்ளி ஊற்றுங்கள். தினமும் ஊற்றி மாற்றும்போது சட்டியின் உட்பக்கத்தைத் தும்பால் நன்றாகத் தேய்க்க வேண்டும். டெங்கு நுளம்பு முட்டையைப் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிவிடும். தண்ணீரை மட்டும் கொட்டினால் அது போகாது.

5. நடக்கும் நேரம், சாப்பிடும் நேரம்

காலையில் ஏழுக்கு முன் நடையை முடியுங்கள். பின்னேரம் வெயில் தாழ்ந்துவிட்டது என்று ஐந்தரைக்கே வெளிக்கிடுவது பொதுவான தவறு. தார் ரோட்டு இன்னும் சூடாகவே இருக்கும். புறங்கையை ரோட்டில் வைத்து ஏழு வரை எண்ணிப் பாருங்கள். உங்களால் வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது.

வாயை இறுக்கிக் கட்டும் துணி வாய்க்கூட்டோடு வெயிலில் நடத்தாதீர்கள். வாய் திறக்க முடியாத நாயால் இளைக்க முடியாது.

சாப்பாட்டை விடியவும் இரவும் கொடுங்கள். மத்தியானம் வயிறு நிறைந்தால் உடம்புச் சூடும் கூடும். மிச்சச் சோற்றை அரை மணித்தியாலத்துக்கு மேல் சட்டியில் விடாதீர்கள், இந்த வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும்.

நிறுத்திய வாகனத்துக்குள் ஐந்து நிமிடம்கூட விடக் கூடாது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி விட்டாலும் உதவாது. வெளியே 32 பாகை என்றால் பத்து நிமிடத்தில் உள்ளே 40ஐத் தாண்டும்.

6. முடியும் குளிப்பும்

இரட்டை முடி நாயை மொட்டையடிக்காதீர்கள். மேல்முடி வெயிலைத் தோலுக்கு விடாமல் மறிக்கிறது. வெட்டினால் தோல் சுடும், சில நாய்களுக்கு முடி பழையபடி வளராமலும் போகும். உதிர்ந்த உள்முடியைச் சீப்பால் வாரி எடுத்தால் போதும், காற்று உள்ளே போகும்.

கிழமைக்கு ஒரு குளிப்பு தாராளம். காலையில் கிணற்றடியில் குளிக்க வார்த்து, காதுக்குள் தண்ணீர் போகாமல் பார்த்து, அந்த நேரத்தோடு உண்ணியும் தெள்ளும் தேடுங்கள்.

7. வெப்பம் தாக்கிவிட்டால்: இந்த ஒழுங்கில்

எப்படித் தெரியும்? நாக்கு நீண்டு, நுனி அகன்று தொங்கும். எச்சில் கயிறு போலத் தடித்து வடியும். முரசு (பல் ஈறு) செங்கல் நிறமாகும். கூப்பிட்டால் பார்க்காது. எழும்பினால் தள்ளாடும். அடுத்தது வாந்தி, இரத்தம் கலந்த வயிற்றோட்டம், வலிப்பு. தள்ளாட்டத்தைக் கண்டவுடனேயே வேலையைத் தொடங்குங்கள்.

முதலில் நிழலுக்குத் தூக்குங்கள். உடனே கிணற்றுத் தண்ணீரை வாளி வாளியாக ஊற்றுங்கள். வயிறு, தொடையிடுக்கு, கழுத்து, பாதம், முதுகு, எல்லா இடமும். முடியைக் கையால் விலக்கித் தோலில் தண்ணீர் படச் செய்யுங்கள். மூக்குக்குள் மட்டும் போகக் கூடாது.

அடுத்தது மின்விசிறி. காய்ந்த நாய்க்கு விசிறி பெரிதாக உதவாது. நாங்கள் வியர்ப்பதால் எங்களுக்குக் குளிர்கிறது, நாய்க்கு உடம்பில் வியர்வை இல்லை. நனைந்த உடம்பில் காற்றுப் படும்போதுதான் சூடு இறங்கும். ஆகவே நனைத்த பிறகு விசிறியைப் போட்டு, ஊற்றுவதை நிறுத்தாமல் தொடருங்கள். கறண்ட் இல்லாவிட்டால் பனையோலை விசிறியால் ஒருவர் விசிறட்டும்.

ஈரச் சாக்கால் மூடி வைப்பதுதான் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை. சில நிமிடத்தில் அந்தச் சாக்கே சூடேறி, உள்ளே சூட்டை அடைத்துவிடும். இன்னொன்று, மயங்கிய நாயின் வாயில் தண்ணீரோ இளநீரோ ஊற்றுவது. அது நுரையீரலுக்குள் போகும். தானாக நக்கினால் மட்டும் கொடுங்கள். பரசிற்றமோலும் கொடுக்காதீர்கள். இது காய்ச்சல் இல்லை. குளிசை சூட்டைக் குறைக்காது, ஈரலைக் கெடுக்கும்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சூடு பாருங்கள். 39.4க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்துங்கள். அதற்குப் பிறகும் குளிர வைத்தால் சூடு இயல்புக்குக் கீழே போய்விடும்.

பிறகு ஓட்டோ. குளிர்விக்க முன் வண்டியில் ஏற்றி அரை மணித்தியாலம் ஓடினால், போகும் வழியிலேயே உள்ளுறுப்புகள் வெந்துவிடும். ஒருவர் ஊற்ற, மற்றவர் வைத்தியருக்குப் போன் எடுங்கள். எழும்பி வாலாட்டினாலும் கட்டாயம் கொண்டு போங்கள். சிறுநீரகம், ஈரல், இரத்தம் உறையும் தன்மை ஆகியவற்றில் வரும் கேடு ஓரிரண்டு நாள் கழித்தும் வெளியே தெரியலாம். ரைகர் அன்று பின்னேரமே சோறு தின்றது. அடுத்த நாள் இரத்தமாய்ப் போனது. முதல் நாளே கொண்டு போயிருந்ததால்தான் தப்பியது.

8. புரட்டாதியில் கூட்டை மாரிக்கு மாற்றுவது

திறந்து விட்டிருந்த வடக்குப் பக்கத்தையும் கிழக்குப் பக்கத்தையும் தறப்பாளால் மூடுங்கள். ஐப்பசி இடிமழை எந்தத் திசையிலிருந்தும் அடிக்கும், ஆகவே வாசலுக்கு மேல் ஒரு முழம் இறவாரம் நீட்டி விடுங்கள்.

நிலத்தைக் கற்களுக்கு மேல் பலகை போட்டு உயர்த்துங்கள். கடந்த மாரியில் வளவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று மதிலில் உள்ள கறை காட்டும். அதற்கு மேல் வர வேண்டும். பலகைக்கு மேல் வைக்கோல் அடைத்த சாக்கு. நாய் எழும்பி நின்று, திரும்பி, சுருண்டு படுக்க இடம் இருந்தால் போதும். பெரிய கூடு நாயின் சூட்டில் சூடாகாது.

9. குளிர் என்பது இங்கே ஈரமும் காற்றும்

மார்கழி விடியலில் 22 பாகை இருக்கும். காய்ந்த உடம்போடு காற்றுக்கு மறைந்திருக்கும் வளர்ந்த நாய்க்கு அது குளிரே இல்லை. நனைந்து, வாடையில் நின்றால் அதே 22 ஆபத்து. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் நேரம் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் குளிரில் செத்துக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மழையில் நனைந்து, பட்டியிலும் வெளியிலும் ஒதுங்க இடமில்லாமல், இரவெல்லாம் காற்றில் நின்றவை அவை.

ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் காய வையுங்கள், பிறகு காற்றை மறையுங்கள், அதற்குப் பிறகுதான் போர்வை. நனைந்த நாய்க்கு மேலே போர்வை போட்டால் போர்வையும் நனைந்து குளிரும். வெளிநாட்டிலிருந்து வரும் சொந்தக்காரர் நாய்க்குக் கம்பளிச் சட்டை கொண்டு வருவதுண்டு. வீட்டுக்குள் படுக்கும் சின்ன நாய்க்குச் சரி. மழையில் ஓடித் திரியும் நாய்க்குப் போட்டால், ஈரத்தை நாள் முழுக்க உடம்பில் கட்டிவிட்ட மாதிரி.

கிழட்டு நாய் காலையில் எழும்பச் சிரமப்படும். மூட்டுவலிக்கு இந்தக் காலம்தான் கொடியது. படுக்கையைத் தடிப்பாக்கி, வெயில் வந்த பிறகு நடத்துங்கள். உடம்பு நடுங்கிக்கொண்டிருந்த நாய் நடுக்கம் நின்று சோர்ந்து கிடந்தால், தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். சூடு பாருங்கள், 37க்குக் கீழே என்றால் துடைத்து, சுற்றி, வைத்தியரிடம் போங்கள்.

10. வெள்ளம் வந்தால்

மழை விடாமல் பெய்யும் இரவில் சங்கிலியைக் கழற்றிவிட்டுப் படுங்கள். வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

தேங்கிய தண்ணீரை நாய் குடிக்க விடாதீர்கள். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரால் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிலிருந்து எங்களுக்கும் வரும். 2024 நவம்பர் வெள்ளத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்தில் அந்தக் காய்ச்சல் மனித உயிர்களையே எடுத்தது. வருடாந்தத் தடுப்பூசியில் எலிக்காய்ச்சலுக்கானதும் சேர்கிறதா என்று கேட்டு, மாரிக்கு முன் போடுங்கள். இரவில் மிச்சச் சாப்பாட்டை வெளியே வைத்தால் எலி வரும்.

நாய் வெள்ளத்தில் நடந்து வரும் ஒவ்வொரு முறையும் கால்களை நல்ல தண்ணீரில் கழுவி, விரல் இடுக்குகளைத் துடையுங்கள். சேறு காயாமல் நின்றால் அங்கே புண் வரும்.

11. மாரியில் பிறந்த குட்டிகள்

பிறந்து இரண்டு கிழமைக்குக் குட்டியால் தன் சூட்டைத் தானே காக்க முடியாது. ஆரம்ப நாட்களில் அதற்கு நடுங்கக்கூடத் தெரியாது. முதல் கிழமையில் படுக்கைக்கு அருகே 29 முதல் 32 பாகை வேண்டும். வாடைக் காலத்து இரவில் தாயின் வயிறு மட்டும் போதாமல் போகலாம், முக்கியமாகத் தாய் நனைந்து வந்து படுத்தால். தாயை முதலில் துடைத்துக் காய வையுங்கள்.

போத்தலில் சுடுதண்ணீர் ஊற்றி, சாரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் வெறுமையாக இருக்கட்டும். சூடு கூடினால் குட்டி ஊர்ந்து விலக இடம் வேண்டும். பல்ப் தொங்கவிட்டால் தாய் எழும்பி நின்றாலும் தலை முட்டாத உயரத்தில், வைக்கோலுக்கு எட்டாமல் கட்டுங்கள்.

குளிர்ந்து சோர்ந்த குட்டிக்கு உடனே பால் புகட்டாதீர்கள். பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது இதைத்தான். உடம்பு குளிர்ந்திருக்கும்போது குடல் வேலை செய்யாது, பால் மூச்சுக்குழாய்க்குள் போகும். உங்கள் நெஞ்சோடு அணைத்து, அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம் என்று மெதுவாகச் சூடாக்குங்கள். மூக்கால் துழாவி முலை தேடத் தொடங்கிய பிறகு தாயிடம் விடுங்கள்.

அதற்குப் பிறகு தெர்மோமீற்றர் இல்லாமலே பார்க்கலாம். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கத்தினால் குளிர். ஆளுக்கொரு மூலையில் விலகிக் கிடந்தால் சூடு கூட. பக்கம் பக்கமாக, சத்தமில்லாமல், இடைக்கிடை காலை உதறியபடி தூங்கினால், அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டு நீங்களும் போய்ப் படுக்கலாம்.